வேட்டை நாய் வீட்டுக்கு வந்தால்…

சென்ற மாதம் வந்த கடிதங்களில் ஒன்றை மட்டும் தனியாக எடுத்து வைத்திருந்தேன். இரண்டு வரியில் பதில் எழுதி அனுப்பக்கூடிய விஷயமாக அது இல்லை. இராமநாதபுரத்துப் பக்கத்திலிருந்து எழுதிய அந்தச் சகோதரிக்கு இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை இருக்கிறதாம். யாரோ கைவிட்டுப் போன சிப்பிப்பாறை நாய் ஒன்றை அவருடைய தம்பி எடுத்து வைத்திருக்கிறாராம். "ஒங்க வீட்டுலதான் வாசல் பெருசாக் கெடக்கேக்கா, நீ வச்சுக்க" என்று தினமும் போனில் நச்சரிக்கிறாராம். "எனக்கும் நாய் என்றால் ஆசைதான், ஆனால் குழந்தையை நினைத்தால் பயமாக இருக்கிறது. வாங்கலாமா, கூடாதா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்" என்று முடித்திருந்தார்.

ஒரே வார்த்தையில் எப்படிச் சொல்வேன்! எங்கள் மண்டபத்து வீட்டுக்கும் அப்படி ஒருத்தி வந்து சேர்ந்தாள். அவளால் சிரித்ததும் உண்டு, ஒரு சாயங்காலம் குலை நடுங்கிப் போனதும் உண்டு. இரண்டையும் சொல்லிவிடுகிறேன், அந்தச் சகோதரியே முடிவு செய்துகொள்ளட்டும்.

சிப்பிப்பாறை என்பது ஊர்ப் பெயர். இன்றைக்கு அது விருதுநகர் மாவட்டம். 1985இல் மாவட்டத்தைப் பிரிக்கும் வரையில் அந்த ஊரும் சரி, இராஜபாளையமும் சரி, நம் பழைய இராமநாதபுரம் மாவட்டத்தில்தான் இருந்தன. ஆகவே இந்த நாய்கள் நமக்கு அந்நியம் இல்லை. 2005 ஜனவரியில் தபால் இலாகா நான்கு இந்திய நாய் ஜாதிகளுக்குத் தபால்தலை வெளியிட்டபோது இராஜபாளையமும் அதில் ஒன்றாக இருந்தது. சிப்பிப்பாறைக்கும் கன்னிக்கும் உடல்வாகு வேறு. ஒடிந்துவிடுமோ என்கிற மாதிரி நீண்ட கால், கூர்மையான மூஞ்சி, முதுகோடு ஒட்டின வயிறு. வெளிநாட்டில் கிரேஹவுண்ட் என்று பந்தயத்தில் ஓடவிடுகிறார்களே, பார்வைக்கு அதே மாதிரிதான். மோப்பம் பிடித்துப் போவதைவிட, கண்ணால் பார்த்த மாத்திரத்தில் பாய்ந்து விரட்டுவதுதான் இவற்றின் சுபாவம்.

கரிசல் காட்டில் இவற்றை முயலுக்குப் பழக்கினார்கள். 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு முயல் வேட்டை குற்றமாகிவிட்டது. இருந்தாலும் களவாகப் போகிறவர்கள் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். ஓட்டம் குறைந்துபோன நாய்க்கும், குட்டி போட்டு ஓய்ந்த பெட்டைக்கும் ஒரு வாய்ச் சோறு போட மனசு வராதவர்கள் ரோட்டோரத்தில் அவிழ்த்துவிட்டுப் போகிறார்கள். ஜாதி நாய் என்று பெருமைக்காக வாங்கி, மாடி வீட்டில் கட்டிப்போட்டு, ஒரு வருஷத்தில் அலுத்துப்போய்த் துரத்துகிறவர்கள் இன்னொரு ரகம்.

இது நம் ஊர்க் கதை மட்டும் இல்லை. சீனக் கடற்கரையில் மக்காவ் என்று ஓர் ஊர். அங்கே நாய்ப் பந்தய மைதானத்தை 2018 ஜூலையில் மூடியபோது 500க்கும் மேற்பட்ட கிரேஹவுண்டுகள் போக்கிடம் இல்லாமல் நின்றன. அவற்றுக்கு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கூட வீடு தேட வேண்டியிருந்தது. அமெரிக்காவில் ஃப்ளோரிடா மாகாணத்து ஜனங்கள் 2018இல் ஓட்டுப் போட்டு, 2020 முடிவோடு பந்தயத்தை நிறுத்தினார்கள். அங்கேயும் இதே பாடுதான். அப்படி நாய்களை வீட்டுக்கு எடுத்தவர்கள் எல்லாரும் கண்ட ஓர் உண்மை உண்டு. பந்தய நாய்க்கு நான்கு வயது ஆகியிருந்தாலும் வீடு என்ற ஒன்றை அது பார்த்ததே கிடையாது. மாடிப்படி தெரியாது, கண்ணாடிக் கதவு தெரியாது, தனியாக ஓர் அறையில் இருக்கத் தெரியாது.

எங்கள் செவலை விஷயத்தில் இது அப்படியே பலித்தது.

ஆடி மாசத்துக் கச்சான் காற்று மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், என் அண்ணன் மகன் அவளை வேனில் கொண்டுவந்து இறக்கினான். நாலு வயசோ ஐந்து வயசோ இருக்கும், பெட்டை. செம்மண் நிறம் என்பதால் செவலை என்றே பெயர் வைத்துவிட்டோம். கழுத்தில் சங்கிலி அறுத்த தழும்பு. இடுப்பெலும்பு இரண்டும் தோலைக் குத்திக்கொண்டு நின்றன. "இதென்ன நாயா, நாயோட எலும்புக்கூடா?" என்று கேட்டாள் மீன் விற்க வந்த மதினி.

வாசற்படி வரை வந்தவள் உள்ளே காலை வைக்க மாட்டேன் என்று நின்றுவிட்டாள். பளபளவென்ற டைல்ஸ் தரையைத் தண்ணீர் என்று நினைத்தாளோ என்னமோ! தூக்கி உள்ளே விட்டால் நான்கு காலும் நான்கு திசையில் வழுக்கியது. வாசலிலிருந்து கூடத்து மூலை வரையில் பழைய சாக்கை வரிசையாக விரித்தேன். அதன் மேலேயே ஒற்றையடிப் பாதையில் போவது போலப் போய் மூலையில் சுருண்டாள். மூன்று நாள் அந்த மூலையை விட்டு அசையவில்லை. குக்கர் விசில் அடித்தால் உடம்பெல்லாம் நடுங்கும். ரயில் ஊதினால் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் தலையைச் செருகிக்கொள்வாள். பீரோ கண்ணாடியில் தன்னையே பார்த்து உறுமினதும் உண்டு. என் பேத்தி அதைப் பார்த்துக் கைகொட்டிச் சிரித்தாள். நாங்கள் கண்ணாடி மேல் ஒரு பழைய வேட்டியைத் தொங்கவிட்டோம்.

இந்த முதல் நாட்களில்தான் நாம் எல்லாரும் ஒரே தப்பைச் செய்கிறோம். பாவம் என்று இரக்கப்பட்டு ஆளாளுக்குத் தடவுகிறோம், அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுக் காட்டுகிறோம், குளிப்பாட்டுகிறோம். அது வேண்டவே வேண்டாம். ஒரு மூலை, ஒரு சாக்கு, ஒரு சட்டி தண்ணீர், வேளா வேளைக்குச் சோறு. இவ்வளவு போதும். நாம் நம் வேலையைப் பார்த்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்வந்தால், அதுவாக எழுந்து வந்து முகரும். செவலை ஐந்தாம் நாள் வந்தாள். நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். பின்னாலிருந்து வந்து என் முழங்கையில் மூக்கை வைத்துவிட்டு ஓடிப்போனாள். ஈரமாக, ஜில்லென்று இருந்தது.

கூடத்தில் ஒன்றுக்குப் போனதை எழுதினால் இரண்டு பக்கம் ஆகும், விட்டுவிடுகிறேன். அடிக்காமல், விடிந்ததும், சாப்பிட்டதும், தூங்கி எழுந்ததும் வெளியே கூட்டிப்போனால் பதினைந்து இருபது நாளில் பழகிவிடும். இடத்தைச் சோப்புத் தண்ணீரால் நன்றாகக் கழுவுங்கள், வாடை இருந்தால் மறுபடி அதே இடத்துக்குத்தான் போகும்.

சாப்பாடு விஷயத்தில் அவசரம் ஆகாது. பட்டினி கிடந்த வயிறு. வந்த அன்றைக்கே கறியும் சோறுமாகக் கொட்டினால் பேதிதான் மிச்சம். குழைந்த சாதம், வேகவைத்த முட்டை, முள் எடுத்த சாளை மீன் என்று கொஞ்சம் கொஞ்சமாக, நாளைக்கு மூன்று வேளையாகக் கொடுத்தேன். வெங்காயம் கூடாது, திராட்சை கூடாது, சாக்லேட் கூடாது. வெந்த கோழி எலும்பு ஊசி மாதிரி உடைந்து குடலைக் கிழிக்கும். நம் குழம்பில் இருக்கிற உப்பும் காரமும் அதற்கு எதற்கு? இந்த ஜாதிக்குக் கொழுத்த உடம்பு கிடையாது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசி இரண்டு மூன்று விலா எலும்பு லேசாகத் தெரிவது ஆரோக்கியம்தான். முதுகெலும்பும் இடுப்பெலும்பும் துருத்தினால்தான் மெலிவு. "நாய்க்குச் சோறே போட மாட்டீங்களா?" என்று தெருவில் கேட்பார்கள். கேட்டுவிட்டுப் போகட்டும்.

கடற்கரைச் சகோதரிகளுக்கு மட்டும் ஒரு தனி எச்சரிக்கை. வலையில் வந்து விழுந்த பேத்தை மீனைக் கரையிலேயே எறிந்துவிட்டுப் போவார்கள். அதன் விஷத்துக்கு மாற்று மருந்து கிடையாது, தின்ற நாய் கை கால் இழுத்து, மூச்சு நின்று சாகும். சொறி மீன் ஒதுங்கிக் கிடந்தாலும் மூக்கை வைக்க விடக்கூடாது. கடல் தண்ணீரைக் குடித்தால் வாந்தியும் பேதியும் வரும், ஆகவே நடக்கப் போகும்போது ஒரு பாட்டில் நல்ல தண்ணீர் எடுத்துப் போங்கள். காலை 6 மணிக்கு முன்னால் போய்விட்டு வந்துவிட வேண்டும். மத்தியான மணலில் நம் கையை ஒரு நிமிஷம் வைத்துப் பாருங்கள், அதன் பாதத்துக்கு எப்படி இருக்கும் என்று தெரியும். வந்ததும் பாதத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். நம் பக்கத்துச் சீமைக் கருவேல முள் உள்ளே ஒடிந்து நின்றால் சீழ் பிடித்துவிடும்.

இனி அந்தக் கோழி விஷயம். வந்த பத்தாம் நாள், கழுத்துப் பட்டையோடு வாசலில் கட்டியிருந்தேன். இந்த நாய்களுக்குக் கழுத்தைவிடத் தலை பெரிசு இல்லை. பின்பக்கமாக ஓர் இழுப்பு இழுத்தால் பட்டை கழன்று கையில் வந்துவிடும். அது எனக்கு அப்போது தெரியாது. பக்கத்து வீட்டு அடைக்கோழி வேலியோரம் ஓடினதுதான் கண்ணுக்குத் தெரிந்தது. அடுத்த நிமிஷம் செவலை வாயில் கோழி. கூப்பிட்டால் வருமா? அந்த நேரத்தில் அதற்குக் காதே கேட்காது. கோழிக்குக் கேட்ட காசைக் கொடுத்து, பக்கத்து வீட்டு ஆத்தாளின் கோபத்தையும் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அவர் பேசினது நியாயம்தான். மறுநாளே மார்போடு சேர்த்துக் கட்டும் பட்டை வாங்கினோம். இன்றுவரை அவளைக் கயிறில்லாமல் வெளியே விட்டதில்லை, விடவும் மாட்டேன். ஆடும் கோழியும் பூனையும் திரிகிற தெருவில், "எங்க நாய் ஒண்ணும் செய்யாது" என்று சொல்ல நமக்கு உரிமை கிடையாது.

இதெல்லாம் சமாளிக்கக்கூடிய விஷயம். மூன்றாவது வாரம் நடந்ததுதான் விஷயம்.

பேத்திக்கு நாலு வயது. அதற்குள் இரண்டு பேரும் சிநேகமாகிவிட்டார்கள் என்று நாங்களாகவே தீர்மானித்திருந்தோம். சாயங்காலம் நான் விளக்கேற்றிக்கொண்டிருந்தேன், மருமகள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். செவலை மூலையில் கண்ணைப் பாதி திறந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தாள். இந்த ஜாதிக்கு அப்படித் தூங்குகிற வழக்கமும் உண்டு. விழித்திருக்கிறது என்று நினைத்துக் குழந்தை ஓடிப்போய் மேலே விழுந்து கட்டிக்கொண்டது. ஒரு உறுமல், ஒரு கடி, அவ்வளவுதான். நாய் உடனே விட்டுவிட்டு, பீரோ பின்னால் போய் ஒடுங்கிவிட்டது. குழந்தையின் முன்கையில் பல் கீறி ரத்தம் கசிந்தது.

மருமகள் அலறின அலறலில் தெருவே கூடிவிட்டது. ஒருத்தி மிளகாய்த்தூள் வைக்கச் சொன்னாள், இன்னொருத்தி காப்பித்தூள் என்றாள், சுண்ணாம்போடு ஒரு பெரியவர் வந்துவிட்டார். எல்லாரையும் ஒதுக்கிவிட்டுக் குழந்தையைக் குழாயடிக்குத் தூக்கிப்போனேன். சகோதரிகளே, இதை மட்டும் வீட்டுச் சுவரில் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள்: நாய்க்கடிக் காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் முழுசாகப் 15 நிமிஷம் கழுவ வேண்டும். மஞ்சள், எண்ணெய், சுண்ணாம்பு எதுவும் வைக்கக்கூடாது. கட்டுப் போடக்கூடாது. நேரே ஆஸ்பத்திரி. செவலைக்கு வந்த வாரமே வெறிநோய்த் தடுப்பூசி போட்டிருந்தோம். அப்படியிருந்தும் டாக்டர் தயங்கவில்லை. ரத்தம் கசிந்திருந்ததால் காயத்தைச் சுற்றி ஒரு மருந்தும், கையில் தடுப்பூசியும் அன்றைக்கே போட்டார். அந்த முதல் ஊசியை 0 நாள் என்று கணக்கு வைத்து, பிறகு 3, 7, 28ஆம் நாட்களில் மீதி ஊசிகள். அரசு ஆஸ்பத்திரியில் காசு வாங்குவதில்லை. நாயைப் பத்து நாள் கண்காணிக்கச் சொல்வார்கள். ஆனால் அதுவரை பார்க்கலாம் என்று முதல் ஊசியைத் தள்ளிப்போடக்கூடாது. வெறிநோய் வந்துவிட்டால் காப்பாற்ற வைத்தியம் கிடையாது.

அன்று ராத்திரி வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. "அத்தே, ஒண்ணு அது இருக்கணும், இல்லேன்னா நான் எம்புள்ளையக் கூட்டிக்கிட்டு எங்கம்மா வீட்டுக்குப் போறேன்" என்றாள் மருமகள். நான் அவளைக் குறை சொல்ல மாட்டேன். பெற்றவள் அப்படித்தான் பேசுவாள். "காலையில அண்ணன் மகனை வரச் சொல்லு, கொண்டுபோகட்டும்" என்றார் எங்கள் வீட்டுக்காரரும்.

அண்ணன் மகன் வந்தான். கூடவே ஒரு கால்நடை டாக்டரிடம் போனில் பேசவும் வைத்தான். அவர் நாய்க்காகப் பரிந்து பேசவில்லை. மருமகளிடமே நிதானமாகக் கேட்டார்: தூங்கும்போதா, தின்னும்போதா, சும்மா இருக்கும்போதா? தூங்கும்போது என்றதும் விளக்கினார். காட்டிலும் கொட்டிலிலும் கிடந்த நாயைத் தூக்கத்தில் யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். தொட்டால் அது அடியாகத்தான் இருந்திருக்கும். பயந்து விழித்துக் கடித்துவிட்டு உடனே விட்டுவிட்டது. விரட்டிக் கடிக்கிற நாய் வேறு, அதை வீட்டில் வைக்கவே கூடாது. "ஆனா இனிமே கடிக்காதுன்னு நான் கையெழுத்துப் போட்டுத் தர மாட்டேம்மா. குழந்தையும் நாயும் தனியா இருக்கவே கூடாது, அதுக்கு உங்களால வழி பண்ண முடியும்னா வச்சுக்குங்க" என்றார்.

மருமகள் யோசித்தாள். ஒரு மாசம் தவணை கொடுத்தாள், அது முடியும் வரையில் பேச்சு இல்லை.

பின்கட்டுத் தாழ்வாரத்துக்கு இடுப்புயரத்தில் ஒரு மரக்கதவு போட்டோம். செவலையின் சாக்கு அங்கே போயிற்று. கதவுக்கு அந்தப் பக்கம் அவள் ராஜ்யம், குழந்தைக்கு அனுமதி இல்லை. பெரியவர்களும் கிட்டே போகுமுன் எட்டி நின்று "செவலை!" என்று கூப்பிட்டு, அவள் தலையைத் தூக்கின பிறகுதான் தொடுவது. சோற்றுச் சட்டியில் இருக்கும்போது யாரும் பக்கத்தில் போவதில்லை. நாங்கள் யாராவது நடுவில் உட்கார்ந்திருந்தால்தான் இருவரும் ஒரே இடத்தில் இருக்கலாம். பேத்திக்கும் பாடம் நடந்தது. கட்டிக்கொள்ளக்கூடாது, முகத்தோடு முகம் வைக்கக்கூடாது, நாயாக வந்தால் முதுகில் தடவலாம், தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். பெரியவளைவிடச் சின்னவள் சீக்கிரம் படித்துவிட்டாள். தெரு நாய் படுத்திருந்தால்கூட இப்போது சுற்றித்தான் போகிறாள்.

கால்நடை டாக்டரிடம் போகும்போது கேட்டுத் தெரிந்துகொள்ள இன்னும் சில உண்டு. இந்த ஓட்ட நாய்களின் உடம்பில் கொழுப்புக் குறைவு என்பதால் சில மயக்க மருந்துகள் இறங்க வெகு நேரம் பிடிக்கும். கருத்தடை ஆபரேஷனுக்கு முன் "இது சிப்பிப்பாறை" என்று நாமே நினைவுபடுத்துவது நல்லது. தோலும் மெல்லிசு, வேலிக் கம்பியில் உரசினால்கூடக் கிழியும். காதுமடல், விரலிடுக்கு இரண்டிலும் உண்ணி இருக்கிறதா என்று தினமும் பார்க்க வேண்டும். உண்ணிக் காய்ச்சல் வந்தால் சோர்ந்து படுத்து, ஈறு வெளுத்துவிடும். தொட்டால் சுடுகிறதே என்று மட்டும் பயப்படாதீர்கள். நாய்க்கு 101லிருந்து 102.5 டிகிரி வரை சாதாரணச் சூடுதான். நம் வீட்டுப் பாராசிட்டமாலை உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள், அது நாய்க்கு ஈரலைக் கெடுக்கும். வீட்டில் குழந்தை இருந்தால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை நாய்க்குப் பூச்சி மருந்து கொடுத்தே ஆக வேண்டும்.

கடிதம் எழுதிய சகோதரிக்கு வருகிறேன். உங்கள் பிள்ளைக்கு இரண்டு வயது. என் பேத்திக்குச் சொல்லிப் புரியவைத்த மாதிரி அவளுக்குப் புரியவைக்க முடியாது. வீட்டில் பகலில் நீங்கள் ஒருத்திதான் என்று எழுதியிருக்கிறீர்கள். அடுப்பில் பால் பொங்கும்போது யார் நடுவில் உட்காருவது? என் அபிப்பிராயம், இப்போது வேண்டாம். தம்பியையே இன்னும் இரண்டு வருஷம் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், அல்லது சின்னக் குழந்தை இல்லாத வீடாகப் பார்க்கச் சொல்லுங்கள். லீவுக்குப் போகும்போதெல்லாம் பிள்ளையும் நாயும் தூர இருந்து பார்த்துப் பழகட்டும். மாமியாரோ அம்மாவோ கூட இருந்து, நடுவில் ஒரு கதவும் போட முடியும் என்றால் அது வேறு. எங்கள் வீட்டில் மூன்று பெரியவர்கள் இருந்தே அன்று சாயங்காலம் அப்படி ஆயிற்று.

மருமகள் கொடுத்த ஒரு மாசத் தவணை எப்போதோ கடந்துவிட்டது. அதை யாரும் ஞாபகப்படுத்தவில்லை. இப்போதெல்லாம் மத்தியானச் சோறு வைக்கிறவள் அவள்தான். மரக்கதவுக்கு இந்தப் பக்கம் நின்று, "செவலை, ஏந்திரி, அம்மா வந்துருக்கேன்" என்று இரண்டு தடவை கூப்பிட்டு, அது தலையைத் தூக்கி வாலை ஒரு தட்டுத் தட்டின பிறகுதான் தாழ்ப்பாளைத் திறக்கிறாள்.